சென்னையில மூணு நாள், மூணு பேர்: ஜி.எச்.சுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் தோதா எங்க ரூம் போடலாம்?

அம்பை_வாசி:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி திங்கக்கிழமை காலைல எழும்பூர். வாரது மூணு பேர்: நான், அப்பா, தங்கச்சி. அப்பாவுக்கு வயசு 64, சுகர் உண்டு, முட்டுவலி, படி ஏறக் கஷ்டம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில பாத்துட்டு, சென்னையில சென்ட்ரலுக்கு எதுத்த ஜி.எச்.சுக்கு எழுதிக் குடுத்திருக்காவ. திங்கள் ஓ.பி., செவ்வாய் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைன்னு இழுக்கும். புதன் காலைல தங்கச்சிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆபீஸ்ல குரூப் 4 கலந்தாய்வு. அன்னைக்கு ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்புதோம். போக வர டிக்கெட் கன்ஃபார்ம்.

ரூமுக்கு ஒரு நாளைக்கு 1,200, மிஞ்சிப் போனா 1,300. ஏசி வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். தாம்பரத்துல 900க்கு கிடைக்கும்னு ஒருத்தர் சொல்லுதாரு. திருவல்லிக்கேணி மேன்சன்ல 600க்கே கிடைக்கும்னு இன்னொருத்தர். எழும்பூர்னா துட்டு கூடவாம். எது சரி?

பொருநைக்கரை:

தம்பி, உங்க ரெண்டு சோலியும் ஒரே பக்கத்துலதான் கிடக்கு, அதனால ரொம்ப மண்டைய உடைக்க வேண்டாம். எழும்பூர்ல போடுங்க.

ஜி.எச். எழும்பூருக்கு அடுத்த ஸ்டாப். மெட்ரோவுல ஏறினா அடுத்தது சென்ட்ரல், பத்து ரூவா டிக்கெட். ரெண்டு ஸ்டேஷன்லயும் லிஃப்ட் உண்டு, அப்பா ஒரு படிகூட ஏற வேண்டியதில்ல. சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் பெருசு, வழி நாலா பக்கமும் பிரியும். இறங்கினதும் "ஜி.எச். பக்கம் லிஃப்ட் எது"ன்னு அங்க நிக்கிற ஆள்ட்ட கேட்டுக்கிடுங்க. போர்டைப் பாத்து நாமளே நடந்தா ரிப்பன் மாளிகை பக்கம் போயி ஏறி, திரும்ப ரோட்டைக் கடந்து வரணும்.

மின்சார ரயில்ல போனா டிக்கெட் அஞ்சு ரூவாதான். எழும்பூருக்கு அடுத்து பார்க் ஸ்டேஷன், அதுக்கு அடுத்து கோட்டை. ஆனா எழும்பூர்ல மின்சார ரயில் நிக்கிறது பூந்தமல்லி நெடுஞ்சாலை பக்கம் கடைசியில உள்ள பிளாட்பாரத்துல. ஸ்டேஷன் முன்வாசல் உள்ள காந்தி இர்வின் ரோட்டுப் பக்கம் இருந்து போனா மேம்பாலப் படி ஏறி இறங்கணும். முட்டுவலிக்காரருக்கு அது ஆவாது. அப்பா கூட போகும்போது மெட்ரோ, நீங்க தனியா ரிசல்ட் வாங்க ஓடும்போது மின்சார ரயில்னு வச்சுக்கிடுங்க.

தங்கச்சிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆபீஸ் இருக்கது பார்க் டவுண்ல, பிராட்வேக்கும் கோட்டை ஸ்டேஷனுக்கும் பக்கத்துல. எழும்பூர்ல மின்சார ரயில்ல ஏறினா ரெண்டாவது ஸ்டாப்ல இறங்கி நடக்கலாம். ஆட்டோவுல போனா "பிராட்வே பக்கம் டி.என்.பி.எஸ்.சி."ன்னு முழுசா சொல்லுங்க. வெறும் "பிராட்வே"ன்னா பாரிமுனையில இறக்கி விட்டுட்டுப் போயிருவான்.

இப்ப தாம்பரம் கணக்கைப் பாருங்க. நாளைக்கு 300 மிச்சம், மூணு நாளைக்கு 900. அங்க இருந்து பார்க் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில்ல பத்து ரூவாதான், ஆனா ஏறக்குறைய முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். காலைல ஆபீஸ் நேரத்துல அந்த வண்டியில உக்கார இடம் கிடைக்காது. தாம்பரம் லாட்ஜ்ல இருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, ஸ்டேஷன் படி, பார்க்ல மறுபடியும் படி. ஓ.பி. முடிஞ்சு "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை ரத்தம் குடுக்கணும்"னு சொல்லிட்டா நடுவுல ரூமுக்குப் போயி படுக்கவும் முடியாது. அந்த 900 ரூவா ஆட்டோவுலயே கரைஞ்சிரும். தாம்பரம் யாருக்கு நல்லதுன்னா, சானடோரியத்துல சித்த மருத்துவமனைக்கோ நெஞ்சக மருத்துவமனைக்கோ வாரவுகளுக்கு. இல்லன்னா பஸ்ல கிளாம்பாக்கம் வந்து இறங்குறவுகளுக்கு.

இன்னொண்ணு. எழும்பூர் ஸ்டேஷன்ல கட்டுமான வேலை நடக்கதால சில வண்டிய அப்பப்ப தாம்பரத்தோட நிறுத்திருதாவ. கிளம்புறதுக்கு முந்தின நாள் உங்க வண்டி எதுவரைக்கும் போகுதுன்னு ஒரு தடவை பாத்துக்கிடுங்க. போக மட்டும் இல்ல, திரும்பி வார வண்டி எங்க இருந்து கிளம்புதுன்னும் பாக்கணும். புதன்கிழமை ராத்திரி எழும்பூர்ல உக்காந்திருந்து வண்டி தாம்பரத்துல கிளம்பிட்டா அழுதாலும் வராது.

கணக்கு_வழக்கு:

இடம் எழும்பூர்தான், மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லாட்ஜுக்குக் கொடுக்கப்போகும் பணத்தைத் தீர்மானிப்பது நாள் வாடகை மட்டும் அல்ல, செக்-அவுட் முறை. நெல்லை எக்ஸ்பிரஸில் வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

லாட்ஜுகளில் இரண்டு முறை உண்டு. ஒன்று 24 மணி நேரம்: எத்தனை மணிக்கு உள்ளே நுழைகிறீர்களோ மறுநாள் அதே மணி வரை ஒரு நாள். இன்னொன்று பகல் 12 மணி முறை: எப்போது நுழைந்தாலும் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். ஆப்பில் கிடைக்கும் பெரும்பாலான ரூம்கள் இரண்டாவது வகை. எழும்பூரின் பழைய லாட்ஜுகளில் முதல் வகை இன்னும் நிறைய இருக்கிறது.

உங்கள் கணக்கைப் போடுவோம். திங்கள் காலை 7 மணிக்கு ரூமுக்குள் நுழைகிறீர்கள், புதன் மாலை 7 மணிக்கு வெளியேறுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 மணி நேரம்.

12 மணி முறை லாட்ஜில் திங்கள் 7 மணிக்குப் போனால், "12 மணிக்குத்தான் ரூம், இப்பவே வேணும்னா ஒரு நாள் வாடகை" என்பார்கள். அதுவே ஒன்று. திங்கள் 12 முதல் செவ்வாய் 12 இரண்டு. செவ்வாய் 12 முதல் புதன் 12 மூன்று. அதற்குப் பிறகு ரயில் வரை எட்டு மணி நேரம் தெருவில், அல்லது நான்காவது வாடகை. 1,200 வீதம் 3,600 கொடுத்தும் கடைசி நாள் அப்பாவுக்குப் படுக்க இடம் இல்லை.

24 மணி முறை லாட்ஜில் திங்கள் 7 முதல் புதன் 7 வரை இரண்டு வாடகை, 2,400. புதன் காலை 7 முதல் மாலை 7 வரை 12 மணி நேரம் மிச்சம். அரை நாள் வாடகை வாங்கும் லாட்ஜாக இருந்தால் 600. ஆக 3,000. அதே 1,200 ரூபாய் ரூம்தான், 600 குறைவு, அப்பா மாலை வரை படுத்திருக்கலாம்.

இதில் வரி சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 3,000க்கு 150. இன்னும் 12 சதவீதம் என்று யாராவது பில் போட்டால் அது பழைய விகிதம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன லாட்ஜ் வரி வாங்கவே கூடாது. வரி வாங்கினால் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும்.

அரை நாள் விஷயத்தை புதன்கிழமை காலையில் போய்க் கேட்காதீர்கள். போனிலேயே கேளுங்கள், திங்கள் காலையில் அட்வான்ஸ் கட்டும்போது இன்னொரு முறை சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி ஆளும் பகல் டியூட்டி ஆளும் வேறு. ஒருவர் ஒத்துக்கொண்டது இன்னொருவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரிந்த மாதிரி காட்ட மாட்டார். ரசீதின் பின்பக்கம் "புதன் மாலை 7 வரை, அரை நாள்" என்று எழுதி வாங்கிவிட்டால் பேச்சு இல்லை.

அதைவிட முக்கியம், லெட்ஜரில் எழுதும் நேரம். நீங்கள் 7.15க்கு நுழைந்திருப்பீர்கள், ரிசப்ஷனில் 6.30 என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் பரபரப்பில் அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கடைசி நாளில் அந்த முக்கால் மணி நேரம்தான் இன்னொரு வாடகையாக மாறும். கையெழுத்துக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஜங்ஷன்_லாட்ஜ்:

ரிசப்ஷன் பக்கம் நிக்கிறவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஆப்பை விலை தெரிஞ்சுக்கிட மட்டும் பாருங்க. அப்புறம் லாட்ஜுக்கே போன் போடுங்க. "அங்க போயி பணம் கட்டலாம்"னு ஆப்ல போட்ட புக்கிங்கை, கூட்டம் உள்ள நாள்ல லாட்ஜ்காரன் மதிக்க மாட்டான். "அந்த ரேட்டு எங்களுக்குத் தெரியாது, ரூம் இல்ல"ன்னு காலை ஏழு மணிக்குக் கைய விரிப்பான். ஆப் கம்பெனிக்கு போன் போட்டுக் காத்துக் கிடக்கணும்.

போன்ல இதெல்லாம் கேக்கணும். 24 மணி நேரமா, 12 மணியா. மூணு பேருக்கு ஃபேமிலி ரூம் உண்டா, இல்ல டபுள் ரூம்ல எக்ஸ்ட்ரா பெட்டா. எக்ஸ்ட்ரா பெட்டுன்னா நாளைக்கு எவ்வளவு, அது கட்டிலா, தரையில விரிக்கிற மெத்தையா. வாடகை வரி சேத்தா, சேக்காமயா. வெஸ்டர்ன் டாய்லெட் ரூமுக்குள்ளயா. லிஃப்ட் ஓடுதா. இதுல "லிஃப்ட் இருக்கா"ன்னு கேக்கக் கூடாது, "ஓடுதா"ன்னுதான் கேக்கணும். சுடுதண்ணி எந்நேரமும் வருமா, காலைல மட்டுமா. நிறைய இடத்துல ஆறு மணியில இருந்து ஒம்பது வரைக்கும்தான் விடுவாவ.

எழும்பூர் ஸ்டேஷன் வாசல்ல இறங்கின உடனே "ரூம் வேணுமா சார்"னு ஆள் வருவாவ. ஆட்டோக்காரரும் கேப்பாரு. அவுங்க கூட லாட்ஜுக்குப் போனா அவுங்க கமிஷன் உங்க வாடகையிலதான் ஏறும். அதே ரூம், நீங்களா நடந்து போனா ஒரு ரேட்டு, அவுங்களோட போனா ஒரு ரேட்டு. "ரூம் போட்டாச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு நடங்க. கென்னட் லேன் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்லதான்.

அட்வான்ஸ் அனுப்பச் சொன்னா உஷார். மேப்ல போட்டிருக்க போன் நம்பரை மாத்தி வச்சு ஏமாத்துற கூட்டம் இருக்கு. ஜி-பே-ல பணம் அனுப்பும்போது வார பேரு லாட்ஜ் பேரா, இல்ல வடக்கத்திக்காரன் எவனோட பேராவதான்னு பாருங்க. லாட்ஜோட லேண்ட்லைன் நம்பர் இருந்தா அதுல ஒரு தடவை கூப்பிட்டு உறுதி பண்ணிட்டு அனுப்புங்க. ஒரே மாதிரி பேர் உள்ள லாட்ஜ் ஒரே தெருவுல ரெண்டு மூணு இருக்கும், கதவு எண்ணையும் கேட்டு வச்சுக்கிடுங்க.

ஆதார் மூணு பேருக்கும் ஒரிஜினல் எடுத்துட்டுப் போங்க. ஜெராக்ஸ் குடுக்கதா இருந்தா முதல் எட்டு எண்ணை மறைச்ச மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் பண்ணி, அதுல லாட்ஜ் பேரையும் தேதியையும் குறுக்க எழுதிக் குடுங்க. சென்னை முகவரி உள்ள ஆதாருக்கு நிறைய லாட்ஜ்ல ரூம் தர மாட்டாவ. உங்க மூணு பேர்ல யாராவது சென்னையில வேலை பாத்து முகவரிய மாத்தியிருந்தா, ஊர் முகவரி உள்ளவர் பேர்ல ரூம் போடுங்க.

பாளை_அக்கா:

ரூமைப் பாக்காம பணம் கட்டாதீங்க. அதுல ஒண்ணும் வெக்கம் கிடையாது. தங்கச்சிய ரிசப்ஷன்ல அப்பாவோட உக்கார வச்சுட்டு நீங்க சாவிய வாங்கிட்டு மேல போங்க.

முதல்ல மெத்தை. தலைமாட்டுப் பக்கம் மூலையில விரிப்பை இழுத்துட்டு, மெத்தையோட தையல் ஓரத்தை ரெண்டு விரலால விரிச்சு போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. மிளகுப் பொடி தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி வரிசையா இருந்தா மூட்டைப்பூச்சி. கட்டில் பலகை சேருற இடுக்குலயும் பாக்கணும். இருந்தா அதே மாடியில வேற ரூம் கேக்காதீங்க, வேற லாட்ஜ் பாருங்க. ஊருக்குத் திரும்பும்போது பையில ஏறி வீட்டுக்கு வந்துரும், அப்புறம் கட்டிலைத் தூக்கி வெயில்ல போட்டு மாளாது.

அடுத்து பாத்ரூம். ஃப்ளஷ்ஷை ஒரு தடவை அழுத்துங்க, ரொம்புற சத்தம் நிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. குழாயைத் திறந்து வச்சுட்டு லைட்டைப் போடுங்க. தரை வழுக்குதா, அப்பா எந்திரிக்கப் பிடிக்க ஏதாவது இருக்கான்னு பாருங்க. டாய்லெட் சீட் ஆடுச்சுன்னா கண்டிப்பா வேற ரூம். முட்டுவலிக்காரங்க சீட்டு மேலதான் கையை ஊணி எந்திரிப்பாங்க.

ஜன்னலைத் திறங்க. நிறைய ரூம்ல ஜன்னல் இருக்கும், திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு, நடுவுல ரெண்டடி இருட்டு. ஏசி இல்லாம அதுல தூங்க முடியாது. ரோட்டைப் பாத்த ரூம்ல காத்து வரும், ஆனா காந்தி இர்வின் ரோட்டுல ராத்திரி முழுக்க ஹார்ன். கென்னட் லேன்லயும் அதை ஒட்டின முடுக்குகள்லயும் ரெண்டாவது மாடி, பின்பக்கம், லிஃப்டுக்கும் சமையல்கட்டுக்கும் தள்ளி இருந்தா நல்லது. உச்சி மாடி வேண்டாம். பகல் முழுக்க வெயில் வாங்கின காங்கிரீட் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும்.

உள்தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பாருங்க. புதன்கிழமை நீங்க ஒரு பக்கம் அப்பாவோட ஜி.எச்.சுக்குப் போயி, தங்கச்சி தனியா ரூமுக்குத் திரும்புற மாதிரி ஆகலாம். அதனால அவங்க பேரையும் லெட்ஜர்ல எழுத வைங்க. இல்லன்னா பகல் ஷிப்டு ஆள் சாவி குடுக்க மாட்டார்.

தண்ணி உப்பு. தாமிரபரணித் தண்ணியில குளிச்ச உடம்புக்கு அங்க சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கு விழும். ஒரு பாக்கெட் ஷாம்பு கூட எடுத்துட்டுப் போங்க, அவ்வளவுதான் செய்ய முடியும். குடிக்க, வாய் கொப்பளிக்கக்கூட கேன் தண்ணிதான்.

சாப்பாட்டுல நல்லா மிச்சம் பிடிக்கலாம். ஜி.எச். வளாகத்துக்குள்ளயே அம்மா உணவகம் இருக்கு. காலைல இட்லி ஒரு ரூபாய், பொங்கல் அஞ்சு ரூபாய். மத்தியானம் சாம்பார் சாதம் அஞ்சு, தயிர் சாதம் மூணு. சுகர்காரருக்கு ராத்திரி சப்பாத்தி ரெண்டு மூணு ரூபாய். வெறும் வயித்துல ரத்தம் எடுத்த உடனே சாப்பிடணும்னா வெளிய ஹோட்டல் தேடி நடக்க வேண்டாம், அங்கயே முடிச்சுக்கலாம். இன்சுலின் போடுறவரா இருந்தா ரிசப்ஷன்ல ஃப்ரிட்ஜ் இருக்கான்னு கேட்டு, டப்பாவுல பேரும் ரூம் நம்பரும் எழுதி ஒட்டிக் குடுங்க.

தங்கச்சிக்கு சாதாரண கட்டண எம்.டி.சி. பஸ்ல டிக்கெட் கிடையாது, 2021ல இருந்து பெண்களுக்கு இலவசம். முகப்புல பிங்க் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. டீலக்ஸ், ஏசி பஸ்ல செல்லாது. எழும்பூர்ல இருந்து பிராட்வே பக்கம் போற பஸ் நிறைய.

அம்பை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எழும்பூர்னு முடிவு பண்ணியாச்சு. ரெண்டு சந்தேகம்.

கணக்கு அண்ணாச்சி, திங்கள் காலைல ரூமே போடாம ஸ்டேஷன் வெயிட்டிங் ஹால்ல குளிச்சிட்டு, பையை கிளாக் ரூம்ல போட்டுட்டு நேரா ஜி.எச். போனா? மத்தியானம் மூணு மணிக்கு ரூம் எடுத்தா புதன் மூணு மணி வரைக்கும் ரெண்டே வாடகைதானே? 600 மிச்சமாகும்.

மேன்சன் பத்தி யாரும் சொல்லல. 600னா பாதி விலை ஆச்சே?

கணக்கு_வழக்கு:

கணக்கு சரி. 24 மணி முறையில் நுழையும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் வெளியேறும் நேரமும் தள்ளிப்போகும். ஒற்றை ஆளாக, முதல் நாள் காலையில் நேராக வேலைக்குப் போகிறவர் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வேண்டாம் என்பேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த 64 வயதுக்காரர், சுகர், முட்டுவலி. வெயிட்டிங் ஹால் குளியலறையில் வரிசை, அங்கே பெரும்பாலும் இந்தியன் டாய்லெட். பிறகு ஓ.பி. சீட்டு வரிசை, டாக்டர் வரிசை, மாத்திரை வரிசை. ஓ.பி. எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்து மணிக்கே "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டால் மூன்று மணி வரை எங்கே உட்காருவீர்கள்? 600 ரூபாய்க்கு இது அதிக விலை.

வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டு காலையில்தான். ரூம் போட்டதும் அப்பாவும் தங்கச்சியும் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பட்டும். நீங்கள் பரிந்துரைக் கடிதம், பழைய ரிப்போர்ட், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய் வரிசையில் நில்லுங்கள். அப்பா பின்னால் மெட்ரோவில் வரட்டும்.

பொருநைக்கரை:

மேன்சன் பத்தி நான் சொல்லுதேன். திருவல்லிக்கேணி மேன்சன் எல்லாம் வேலை தேடி வந்த, வேலை பாக்கிற ஆம்பளைப் பயலுகளுக்குன்னு உண்டானது. பெரும்பாலும் மாச வாடகை, பொது பாத்ரூம், செங்குத்து மாடிப்படி, லிஃப்ட் கிடையாது. நாள் வாடகைக்கு ரூம் விடுற மேன்சனும் இருக்கு, ஆனா பொம்பளைப் பிள்ளையோட போனா "ஃபேமிலிக்கு இல்ல"ன்னு வாசல்லயே சொல்லிருவாவ. அந்த 600 மூணு பேருக்கான ரேட்டும் இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு கட்டில்.

அதே ஏரியாவுல நல்ல ஃபேமிலி லாட்ஜும் உண்டு. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, வாலாஜா ரோடு பக்கம். ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு வாரவுகளுக்கு அதுதான் தோது. உங்களுக்கு அங்க இருந்து ஜி.எச்.சுக்கு தினமும் ஆட்டோ ஆகும். சேப்பாக்கத்துல கிரிக்கெட் மேட்ச் இருக்க அன்னைக்கு ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் வாடகை எகிறும்.

எழும்பூர் ரொம்பி வழிஞ்சா அடுத்தது பெரியமேடு பாருங்க. சென்ட்ரலுக்குப் பின்பக்கம், ஜி.எச்.சுக்கு ஆட்டோவுல கொஞ்ச நேரம். வால்டாக்ஸ் ரோட்டுலயும் லாட்ஜ் இருக்கு, யாவாரிகள் தங்குறது, வாடகை குறைவு. ஆனா ராத்திரி முழுக்க சரக்கு இறக்குற சத்தம், ரோடு நெரிசல். அப்பாவைக் கூட்டிட்டு நடக்கத் தோதுப்படாது.

ஆவணி, தை முகூர்த்த நாள், தொடர் லீவு, ஏதாவது பெரிய பரீட்சை உள்ள ஞாயித்துக்கிழமைன்னா எழும்பூர்ல முந்தின வாரமே ரூம் போயிரும். நீங்க போறது வாரநாள்ங்கதால கிடைக்கும். ஆனா கலந்தாய்வு நடக்க வாரம் தென்மாவட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும் அதே நெல்லை எக்ஸ்பிரஸ்லயும் முத்துநகர்லயும் வந்து அதே கென்னட் லேன்லதான் இறங்குவாவ. இன்னைக்கே போன் போடுங்க.

பாளை_அக்கா:

ஒரு மாற்று இருக்கு, அதையும் பாத்து வைங்க. ஸ்டேஷன் ரிடையரிங் ரூம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துல பி.என்.ஆர். எண் போட்டு புக் பண்றது. கன்ஃபார்ம் இல்லன்னா ஆர்.ஏ.சி. டிக்கெட் வேணும், வெயிட்டிங் லிஸ்டுக்குக் கிடையாது. உங்க டிக்கெட் கன்ஃபார்ம்ங்கறதால முயற்சி பண்ணலாம். சீக்கிரம் ரொம்பிடும், டார்மிட்டரியில ஒரு கட்டில் மட்டும் காலியா காட்டினா மூணு பேருக்கு அது உதவாது.

தங்கச்சிக்கு வேலை கிடைச்சு சென்னையில போஸ்டிங் ஆனா அப்போ தனியா ஒரு திரி போடுங்க, அது வேற கணக்கு. இப்போதைக்கு ஒண்ணு மட்டும். மாச வாடகை லேடீஸ் ஹாஸ்டல் எதுவா இருந்தாலும் தமிழ்நாட்டுல 2014 சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். அரசு நடத்துற தோழி விடுதி அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரின்னு இருக்கு.

அம்பை_வாசி:

நாலு லாட்ஜுக்கு போன் போட்டேன். ஒண்ணுல 24 மணி நேரம், மூணு பேர் ஃபேமிலி ரூம் 1,250, லிஃப்ட் ஓடுதாம், கடைசி நாள் அரை நாள் வாடகைக்கு ஒத்துக்கிட்டாவ. ஆனா ரெண்டு வாடகையையும் மொத்தமா முதல்லயே கட்டணும்ங்காவ. கட்டலாமா? ஓ.பி.யில அப்பாவை அட்மிட் பண்ணச் சொல்லிட்டா ரூம் வீணாப் போயிருமே.

ஜங்ஷன்_லாட்ஜ்:

கட்டாதீங்க. ஒரு நாள் வாடகையும் அரை நாள் அட்வான்ஸும் கட்டுதேன், செவ்வாய் காலைல அடுத்ததைக் கட்டுதேன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி கேஸுன்னு சொல்லி, எழுதிக் குடுத்த சீட்டைக் காட்டுங்க. எழும்பூர் லாட்ஜ்காரங்களுக்கு அது பழகின விஷயம், ஒத்துக்கிடுவாவ. மொத்தமாத்தான் வேணும்னு நின்னா, "முந்தியே காலி பண்ணினா மிச்ச நாள் வாடகை திருப்பித் தரப்படும்"னு ரசீதுல எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா அடுத்த லாட்ஜ்.

அட்மிட் பண்ணிட்டா கூட ஒரு ஆள்தான் வார்டுல இருக்க முடியும். ரெண்டு பேருக்கு ரூம் தேவைப்படும், அதனால முழுசா வீணாகாது. மூணு பேர் ஃபேமிலி ரூமை டபுள் ரூமா மாத்திக் கேளுங்க, வாடகை குறையும்.

பையை ஸ்டேஷன் கிளாக் ரூம்ல போட வேண்டி வந்தா பூட்டு வேணும். ஜிப் மட்டும் உள்ள பை, கட்டைப் பையெல்லாம் வாங்க மாட்டாவ. நெல்லை ஜங்ஷன்லயே சின்னப் பூட்டு ரெண்டு வாங்கிப் போட்டுக்கிடுங்க. டிக்கெட்டையும் காட்டச் சொல்லுவாவ.

அம்பை_வாசி:

பேசிட்டேன், ஒரு நாள் வாடகையும் அரை நாள் அட்வான்ஸும் போதும்னுட்டாவ. ரெண்டாவது மாடி, பின்பக்கம். திங்கள் காலைல மெத்தையைப் பாத்துட்டுத்தான் கட்டுவேன்னும் சொல்லிட்டேன்.